11 மாதத்துக்கு முன்பே வீட்டைக் காலி செய்கிறீர்களா?

சென்னையில் வாடகை வீடு என்றாலே 11 மாத அக்ரிமென்ட்தான். நடுவில் வேலை மாறும், அல்லது அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஊருக்குப் போக வேண்டியிருக்கும். அப்போதுதான் நம்மில் பலர் அந்த முத்திரைத்தாளை முதல்முறையாக ஒழுங்காகப் படிக்கிறோம்.

பெரிய குழப்பம், லாக்-இன் காலம் (குறைந்தபட்சம் இருந்தே ஆக வேண்டிய மாதங்கள்) முடிந்த பிறகுதான் நோட்டீஸ் காலம் (காலி செய்வதாக முன்கூட்டியே சொல்ல வேண்டிய அவகாசம்) தொடங்கும் என்று நினைப்பது. ஆறு மாதம் லாக்-இன், இரண்டு மாதம் நோட்டீஸ் என்று வைத்துக்கொள்வோம். ஆறு மாதம் முடிந்த பிறகுதான் நோட்டீஸே கொடுக்க முடியும் என்று எண்ணி எட்டு மாத வாடகை கட்டியவர்கள் உண்டு. அக்ரிமென்ட் அப்படிச் சொல்லாவிட்டால், நான்காம் மாத முடிவிலேயே நோட்டீஸ் கொடுத்து ஆறாம் மாத முடிவில் கிளம்பலாம். லாக்-இன்னுக்குள் போனால் மீதி மாத வாடகை முழுவதும் போய்விடும் என்றும் பயப்பட வேண்டாம். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவு நியாயமான இழப்பீட்டைத்தான் பேசுகிறது. ஒப்பந்தத்தில் எழுதிய தொகை அதற்கு உச்சவரம்பு. அதற்காகக் கோர்ட்டுக்குப் போகச் சொல்லவில்லை, பேரம் பேசும்போது இது தெரிந்திருந்தால் போதும். அடுத்து குடிவர ஆளை நீங்களே கூட்டிவந்தால் பாதிப் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

வாய்வார்த்தையை நம்பாதீர்கள். நான் ஒருமுறை மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டே ஹவுஸ் ஓனரிடம், "அடுத்த மாசம் காலி பண்றேன் சார்" என்றேன். அவரும் "சரிப்பா" என்றார். கணக்கு முடிக்கும் நாளில், "நீ எப்ப சொன்ன?" என்று கேட்டார். ஒரு மாத வாடகை போனது. இப்போதெல்லாம் தேதி போட்டுக் கடிதம் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கிவிடுகிறேன். கூடவே ஒரு வாட்ஸ்அப்.

கடைசி இரண்டு மாதம் வாடகை கட்டாமல், "அட்வான்ஸ்ல கழிச்சுக்கோங்க" என்பது இன்னொரு தவறு. அவர் ஒப்புக்கொண்டால் சரி, எழுதி வாங்குங்கள். இல்லையென்றால் ஏற்கெனவே ஒப்பந்தத்தை முறித்தவர் என்ற பெயரோடு வாடகை பாக்கி வைத்தவர் என்ற பெயரும் சேரும். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி, காலி செய்த ஒரு மாதத்துக்குள், நீங்கள் தர வேண்டியதைக் கழித்துக்கொண்டு அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும். அந்தக் கழிவில்தான் சண்டையே. பெயிண்டிங்குக்கு ஒரு மாத வாடகை என்று அக்ரிமென்டில் இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள். குடிவந்த அன்றே சுவர், குழாய், கதவு எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வைத்திருந்தால் நல்லது. பழைய ஆணி ஓட்டைக்கு நீங்கள் ஏன் பணம் தர வேண்டும்?

அப்புறம் ஈபி பில். அது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவது. சாவியைக் கொடுக்கும்போதே மீட்டர் ரீடிங்கைப் போட்டோ எடுத்து ஓனருக்கு அனுப்பிவிடுங்கள். இல்லையென்றால் அடுத்து வந்தவர் ஏசி போட்ட யூனிட்டும் உங்கள் அட்வான்ஸில்தான் கழியும்.