பழைய ரேஸ் வண்டியின் பின்சக்கரத்துக்குப் பாகம் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மழை ஓய்ந்து நீலகிரியின் சாலைகள் காயத் தொடங்கியதும், குன்னூரிலும் கோத்தகிரியிலும் இளைஞர்கள் சிலர் தங்கள் ராஜ்தூத் 350-ஐயும் ஆர்எக்ஸ் 100-ஐயும் கோவைச் செட்டிபாளையம் பந்தய டிராக்கில் ஓட்டுவதற்காகப் பிரித்துப் போட்டுவிடுகிறார்கள். இஞ்சின் மீது அவர்கள் காட்டும் அக்கறையில் கால்வாசியும் பின்சக்கரத்துக்குக் கிடைப்பதில்லை. எங்கள் தலைமுறை செய்த அதே பிழைகளை அவர்கள் அப்படியே திரும்பச் செய்வதைப் பார்த்த பிறகுதான் இதை எழுதுகிறேன். பிரேக் ஷூவில் கிரீஸ் படக்கூடாது, செயின் தளர்வைப் பார்க்க வேண்டும் என்பன போன்றவை எல்லாருக்கும் தெரியும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

வண்டியின் பெயரைச் சொல்லி வாங்குவது

ஜப்பானில் 1970-களில் தயாரான யமஹா ஆர்டி 350-இன் முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக் இருந்தது. எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1983-இல் அதன் இந்திய வடிவமாக இங்கே கொண்டுவந்த ராஜ்தூத் 350-க்கு முன்னும் பின்னும் டிரம் பிரேக்தான். எனவே வெளிநாட்டுப் பட்டியலில் உள்ள பாக எண் நம் வண்டிக்குப் பொருந்தும் என்று கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. ரேஸில் ஓடிய வண்டி என்றால் நிலைமை இன்னும் சிக்கலானது. சென்னைக்கு அருகே சோழவரம் விமான ஓடுதளத்தில் பந்தயங்கள் நடந்த காலத்தில், கையில் கிடைத்த ஹப்பையும் (சக்கரத்தின் நடுப்பாகம்), பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மையும் லேத்தில் கொடுத்துப் பொருத்திக்கொள்வது சாதாரணமாக இருந்தது. அந்த வண்டி இன்று உங்களிடம் வரும்போது, டேங்க்கில் ஒரு பெயரும் பின்சக்கரத்தில் வேறொரு வண்டியின் ஹப்பும் இருக்கலாம்.

கடைக்குப் போகும் முன் ஆக்சிலின் (சக்கர அச்சின்) விட்டம், நீளம், மரையின் இடைவெளி, டிரம்மின் உள்விட்டம், பேரிங்கில் பொறித்துள்ள எண் ஆகியவற்றைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். "15 மில்லிமீட்டர் ஆக்சிலுக்கு ஒரு பேரிங்" என்று கேட்டால் 6202-உம் வரலாம், 6302-உம் வரலாம்; இரண்டுக்கும் துளை ஒன்றே, ஆனால் வெளிவிட்டம் முன்னதற்கு 35 மி.மீ., பின்னதற்கு 42 மி.மீ. சென்னைப் புதுப்பேட்டையின் பழைய பாகக் கடையிலிருந்து வந்த பார்சலைக் குன்னூரில் பிரித்துப் பார்த்த பிறகு இந்த வேறுபாடு தெரிந்து பயனில்லை.

நடுக்குழாயை மறப்பது

என்னை இன்றுவரை எரிச்சலூட்டும் தவறு இதுதான். பின்சக்கர ஹப்பின் இருபுறமும் பேரிங்குகள் இருக்கின்றன. அவற்றுக்கு நடுவே, ஆக்சில் நுழைந்து செல்லும்படி ஓர் இரும்புக் குழாய் இருக்கிறது. சிலர் அதை ஸ்பேசர் என்பார்கள், சிலர் டிஸ்டன்ஸ் புஷ் என்பார்கள். ஆக்சில் நட்டை முறுக்கும்போது உண்டாகும் இறுக்கம் வெளிப்புறப் புஷ், பேரிங்கின் உள்வளையம், இந்தக் குழாய், அடுத்த பேரிங்கின் உள்வளையம் என்று வரிசையாகக் கடந்து மறுபுறம் போய்ச் சேர வேண்டும். குழாய் அரை மில்லிமீட்டர் குட்டையாக இருந்தாலும் உள்வளையங்கள் ஒன்றையொன்று நோக்கி இழுபடும். பக்கவாட்டு அழுத்தத்தில் குண்டுகள் தடத்தின் ஓரத்தில் ஏறி உராயத் தொடங்கும்.

பழைய பாகம் விற்பவர்கள் பலர் பேரிங்கைத் தட்டிக் கழற்றித் தனியாக விற்றுவிடுவார்கள். அப்போது குழாயும் எங்கோ காணாமற்போகும். கோத்தகிரிப் பக்கத்து இளைஞர் ஒருவருக்கு இப்படித்தான் வெறும் ஹப் வந்தது. பட்டறை ஒன்றில் தண்ணீர்க் குழாயை ரம்பத்தால் அறுத்து உள்ளே போட்டுக்கொடுத்தார்கள். "நட்டை முழுக்க இறுக்கினால் சக்கரம் சுற்றவில்லை, அண்ணா. கொஞ்சம் தளர்த்தினால் நன்றாகச் சுற்றுகிறது" என்று அவர் தொலைபேசியில் சொன்னபோதே, வண்டியை எடுக்க வேண்டாம் என்றேன். சக்கரம் சுற்றுகிறதே என்ற நம்பிக்கையில் அவர் எடுத்துவிட்டார். குஞ்சப்பனை இறக்கத்தில் வால் ஆடத் தொடங்கி, வண்டியை நிறுத்தியபோது ஹப் கை வைக்க முடியாத சூட்டில் இருந்திருக்கிறது. பேரிங்கின் குண்டுகளைப் பிடித்திருக்கும் கூடு உடைந்து, வெளிவளையம் அலுமினிய இருப்பிடத்துக்குள் சுற்றி அதை அகலமாக்கிவிட்டது. ஆக்சிலிலும் கோடு விழுந்துவிட்டது. ராஜ்தூத் 350-க்கு நல்ல ஹப் கிடைப்பது எவ்வளவு அரிது என்பது தேடியவர்களுக்குத் தெரியும். அவ்வளவும் லேத்தில் சில நூறு ரூபாயில் முடிந்திருக்க வேண்டிய ஒரு துண்டுக் குழாய்க்காக!

ஆகவே ஹப் வாங்கும்போது, பேரிங் கெட்டுப்போயிருந்தாலும் பரவாயில்லை, உள்ளே இருப்பதைக் கழற்றாமல் அப்படியே அனுப்புங்கள் என்று கேளுங்கள். குழாய் இல்லாமல் வந்தால், ஹப்பில் ஒரு பேரிங் உட்காரும் படியிலிருந்து மறு பேரிங்கின் படிவரை உள்ள தூரத்தை ஆழமானியால் அளந்து, அதைவிட 0.1 முதல் 0.2 மி.மீ. வரை நீளமாக, இரு முகங்களும் இணையாக இருக்கும்படி லேத்தில் கடைந்துகொள்ளுங்கள். முதல் பேரிங்கை அதன் படியில் முழுமையாக உட்கார வைத்து, குழாயை நுழைத்து, இரண்டாவது பேரிங்கின் உள்வளையம் குழாயைத் தொட்டதும் தட்டுவதை நிறுத்திவிட வேண்டும். ஹப்பை ஏறத்தாழ 100 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றினால் பேரிங் பெரும்பாலும் தட்டாமலே இறங்கும். நீர்த்துளி தெறிக்கிறதா என்று பார்த்துச் சூட்டைக் கணிப்பவர்கள், 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டியில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதை நினைவில் வைத்து இன்னும் சற்றுப் பொறுக்கலாம். எல்லாம் பூட்டி நட்டை முழு இறுக்கத்துக்கு முறுக்கிய பிறகும் சக்கரம் தளர்வாகச் சுற்ற வேண்டும். சுற்றாவிட்டால் கோளாறு குழாயிலோ புஷ்களிலோ இருக்கிறது. நட்டைத் தளர்த்துவது அதற்கு மருந்தல்ல.

பெட்டி பிரிக்காத பழைய ஷூ

முப்பது ஆண்டுகள் கடையில் கிடந்த ஷூவைப் புதையல் போல வாங்குகிறார்கள். ஈரக்காற்றில், டிரம்மில் உராயும் லைனிங்குக்கு அடியிலுள்ள அலுமினியம் பூத்து, பசை விட்டிருக்கும்; ஓட்டத்தில் லைனிங் கழன்று டிரம்முக்குள் சிக்கினால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். நல்ல ஷூவின் மீது புதிய லைனிங் ஒட்டிக்கொள்வதே மேல். பழைய லைனிங்கில் கல்நார் இருக்கக்கூடும் என்பதால் அதன் தூளைக் காற்றடித்து ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள்.

பளபளக்கும் ஆக்சில்

துருப்பிடித்த ஆக்சிலுக்குக் குரோம் பூசுவது அழகுதான், ஆனால் கடினப்படுத்திய எஃகில் மின்முலாம் பூசும்போது ஹைட்ரஜன் உட்புகுந்து அதை நொறுங்கும் தன்மையுடையதாக்கிவிடும். பூசியவுடன் உலையில் வைத்துப் பல மணி நேரம் சூடேற்றித்தான் அதை வெளியேற்ற முடியும். தெருவோர முலாம் கடைகளில் அதை எதிர்பார்க்க வேண்டாம். புதிதாகக் கடைவதானால், மெல்லிரும்புத் தண்டில் செய்யாமல், கோவை லேத் பட்டறைகளுக்கு நன்கு பழக்கமான இ.என். 24 எஃகில், அதற்குரிய பதத்தோடு செய்யச் சொல்லுங்கள்.

துளையிட்ட பிரேக் பிளேட்

ஷூக்களைத் தாங்கி டிரம்மை மூடும் இந்தத் தட்டில் துளையிடுவது டிராக்குக்குச் சரி, மூடுபனியிலும் மழையிலும் மலைச்சாலையில் ஓட்டுவதற்கு ஆகாது.

டார்க் ஆர்ம் போல்ட்

பிரேக் பிளேட்டைச் சுற்றாமல் பிடித்து நிறுத்தும் தண்டுதான் டார்க் ஆர்ம். அதன் போல்ட்டை, நட் கழலாமல் தடுக்கும் காட்டர் பின் இல்லாமல் பூட்டாதீர்கள். அந்த ஆர்ம் கழன்றால் பிரேக் பிளேட் சக்கரத்தோடு சேர்ந்தே சுற்றும்.

ஸ்போக் கட்டும் முன் டிரம் கடைவது

டிரம்மை வட்டமாகக் கடைந்துவிட்டு, பிறகு ஸ்போக் கட்டிக் கோட்டம் எடுத்தால், ஸ்போக்குகளின் இழுவையில் டிரம் மீண்டும் நீள்வட்டமாகலாம். முதலில் ரிம்மைக் கட்டி இழுவையைச் சமன்செய்து, அந்த முழுச் சக்கரத்தையே பெரிய லேத்தில் ஏற்றிக் கடைய வேண்டும். ஹப்பில் உச்ச விட்டம் பொறிக்கப்பட்டிருந்தால் அதைத் தாண்டக்கூடாது. இவ்வகை ஜப்பானிய டிரம்களில் பொதுவாக மூல விட்டத்தைவிட 1 மி.மீ. வரையே தேய்மானத்துக்கு இடம் உண்டு. பழைய ஹப்பை விலை பேசும் முன் இந்த ஓர் அளவை வெர்னியரால் எடுத்துப் பாருங்கள். எல்லை தாண்டியிருந்தால், மற்ற பாகங்கள் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதை வாங்காதீர்கள்.