நெல்லையில் பன்னாட்டுக் கருத்தரங்கு: வெளிநாட்டுப் பேராளருக்கு விசா கிடைக்க நடத்துவோர் செய்ய வேண்டியவை

அபிஷேகப்பட்டியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் நடத்தினாலும் சரி, பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்று நடத்தினாலும் சரி, வெளிநாட்டுப் பேராளரின் விசா வேலையில் பாதி நடத்துகிறவர்கள் தலையில்தான். இணையத்திலேயே விண்ணப்பித்துப் பெறும் கருத்தரங்கு ஈ-விசாவுக்கு அழைப்புக் கடிதம் வேண்டும், வெளியுறவு அமைச்சகத்தின் அரசியல் அனுமதி (பொலிட்டிகல் கிளியரன்ஸ்) வேண்டும். இரண்டும் இங்கிருந்து போக வேண்டியவை.

அனுமதியை முதலில் கேளுங்கள். தேதி முடிவானதும், நான்கு மாதம் முன்னதாகவே, நிகழ்ச்சி விவரத்தோடும் நாடுவாரியான பேராளர் பட்டியலோடும் இணையத்தில் விண்ணப்பித்துவிடுவது நல்லது. பட்டியலில் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் போன்ற நாட்டவர் இருந்தால் உள்துறை அமைச்சகத்தின் நிகழ்ச்சி அனுமதியும் தேவைப்படும். கோப்பு துறையிலிருந்து பதிவாளர் மேசைக்குப் போகவே இரண்டு வாரம் ஓடிவிடும். அதையும் கணக்கில் வையுங்கள்.

அடுத்தது அழைப்புக் கடிதம். கல்யாணப் பத்திரிகை மாதிரி வரவேற்புரை முதல் நன்றியுரை வரை பெயர்கள் அச்சிட்ட அழைப்பிதழை விசா அதிகாரி ஏற்கமாட்டார். நிறுவனத்தின் லெட்டர்பேடில், ஆளுக்கொரு கடிதம், ஆங்கிலத்தில். கருத்தரங்கின் பெயர், தேதி, இடம், பேராளரின் முழுப்பெயர், பாஸ்போர்ட் எண், கட்டுரைத் தலைப்பு, தங்குமிடம், செலவு யாருடையது, கையெழுத்து, முத்திரை எல்லாம் அதில் இருக்கட்டும்.

பெரும்பாலும் இடறுவது பெயரில்தான். இலங்கை, மலேசியத் தமிழர் கட்டுரையில் தலைப்பெழுத்தோடு பெயர் போடுவார்கள். பாஸ்போர்ட்டில் தகப்பனார் பெயர் முழுசாக இருக்கும். கட்டுரையைப் பார்த்துக் கடிதம் அடித்தால் இரண்டும் பொருந்தாது. பாஸ்போர்ட்டின் முதல் பக்க நகலை வாங்கி, அதைப் பார்த்தே அடியுங்கள்.

விண்ணப்பத்தைப் பேராளரே அரசின் ஈ-விசா தளத்தில் நிரப்ப வேண்டும். முகவரி 'ஜிஓவி டாட் இன்' என்று முடிகிறதா எனப் பார்க்கச் சொல்லுங்கள். அதே சாயலில் கூடுதல் பணம் பிடுங்கும் தனியார் தளங்கள் உண்டு. பாஸ்போர்ட் வந்திறங்கும் நாளிலிருந்து ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும், இரண்டு பக்கம் காலியாக இருக்க வேண்டும். புகைப்படம் வெள்ளைப் பின்னணியில் சதுரமாக, ஜேபெக் கோப்பாக. பாஸ்போர்ட் பக்கம் 300 கேபிக்குள் பிடிஎஃப்பாக. இந்தியத் தொடர்பு நபர் என்ற இடத்தில், அழைத்தால் எடுக்கும் ஆளின் எண்ணைக் கொடுங்கள். பயணத்துக்கு நான்கு நாள் முன்புவரை விண்ணப்பிக்கலாம் என்பது விதி. அதை நம்பி இருக்காதீர்கள். ஒரு தாள் தெளிவில்லை என்று திருப்பினாலே அந்த நாலு நாளும் போய்விடும். கட்டிய கட்டணம் திரும்ப வராது.

சுற்றுலா விசாவில் வந்து கட்டுரை வாசித்துவிட்டுப் போகலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். வேண்டாம். வந்த நோக்கம் வேறென்று தெரிந்தால் குடியேற்ற அதிகாரி திருப்பி அனுப்பலாம்.

கருத்தரங்கு ஈ-விசா 30 நாளுக்கு, ஒரே நுழைவு. நடுவில் கொழும்புக்குப் போய்விட்டு அதே விசாவில் திரும்ப முடியாது. அப்படியே தங்கி ஆதிச்சநல்லூரிலோ முண்டந்துறைக் காட்டிலோ கள ஆய்வு செய்வதானால் அதற்குத் தனியே ஆய்வு விசா வேண்டும்; காட்டுக்கு வனத்துறை அனுமதியும் சேரும். நேபாளம், பூட்டான் குடிமக்களுக்கு விசாவே வேண்டாம். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டையை வைத்திருப்பவர்களுக்கும் அப்படித்தான்.

ஈ-விசாவில் வருகிறவர் அதற்கென அறிவித்த விமான நிலையங்களிலும் துறைமுகங்களிலும்தான் இறங்கலாம். நமக்கு வசதி திருவனந்தபுரம். நாகர்கோவில் வழியாகச் சுமார் 150 கிலோமீட்டர். சென்னையில் இறங்கினால் குடியேற்றச் சோதனை, பெட்டி எல்லாம் அங்கேயே முடித்துவிட்டுத் தூத்துக்குடி விமானம் பிடிக்க வேண்டும், ஆகவே இடையில் நாலு மணி நேரமாவது விடுங்கள். விசா அனுமதித் தாளை அச்செடுத்துக் கையில் வைத்திருக்கட்டும். ஆப்பிரிக்க, தென் அமெரிக்க நாடுகள் பலவற்றிலிருந்து வருபவர் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பத்து நாள் முன்பே போட்டுச் சான்றிதழோடு வர வேண்டும்.

வந்து சேர்ந்ததும் ஒரு வேலை பாக்கி. தங்கவைப்பவர், வெளிநாட்டவர் விவரத்தை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் பதிய வேண்டும். 'சி படிவம்' என்று சொல்லி வந்தது இதைத்தான். ஜங்ஷன் பக்கத்துப் பெரிய லாட்ஜுகளுக்கு இது பழக்கம். பல்கலைக்கழக விருந்தினர் இல்லத்துக்கும் பேராசிரியர் வீட்டுக்கும் இதே விதிதான் என்பதால், அதற்கான கணக்கை முன்கூட்டியே திறந்து, ஞாயிற்றுக்கிழமையும் பதிய ஓர் ஆளை நியமித்துவிடுங்கள்.