‘கெட்’ வரும் இடத்தில் வேறு சொல் போடுவது எப்படி

சாதாரண தரத்துக்குப் படிக்கும் பிள்ளையின் ஆங்கிலக் கட்டுரையில் ஒரே பக்கத்தில் ‘கெட்’டும் ‘காட்’டும் ஐந்தாறு தடவை வந்திருக்கும். வேறு சொல் போடு என்று டீச்சர் சிவப்பு மையில் எழுதிவிடுவார். பிள்ளை அகராதியைத் திறந்து, அங்கே முதலில் கண்ட சொல்லை எல்லா இடத்திலும் ஒட்டிவிடும். ‘ஐ ஒப்டெய்ன்ட் எ கோல்ட்’ என்ற வாக்கியம் அப்படித்தான் பிறக்கிறது. தடிமன் பிடித்தது என்று சொல்ல வந்த பிள்ளை, தடிமனை மனுப்போட்டு வாங்கியதாக எழுதியிருக்கிறது. நோய்க்கு ‘கேட்ச்’, அதன் இறந்தகாலம் ‘கோட்’: ‘ஐ கோட் எ கோல்ட்’.

முதல் வேலை, ‘கெட்’டுக்கு அடுத்து நிற்பதைப் பார்ப்பது. பெயர்ச்சொல் நின்றால் பெரும்பாலும் பெறுதல். ‘ஆங்கிரி’, ‘டார்க்’ போலக் குணமோ நிலையோ நின்றால் ஆகுதல். இடம் நின்றால் போய்ச் சேர்தல். ஆளும் அதன் பின் ‘டு’வும் நின்றால் ஒருவரைச் செய்யவைத்தல். ஒரு விதிவிலக்கு: முன்னால் ‘ஹேவ்’ ஒட்டிக்கொண்டு ‘ஐ ஹேவ் காட் டூ சிஸ்டர்ஸ்’ என்று வந்தால் இருக்கிறது என்றுதான் அர்த்தம். அங்கே ‘காட்’டைத் தூக்கிவிட்டால் போதும்.

பெறுதல்

அதிகம் பிழை விடுவது இங்கேதான். அந்தப் பொருள் தானாக உங்களிடம் வந்ததா, நீங்கள் அதன் பின்னால் அலைந்தீர்களா என்று கேளுங்கள். கடிதம், பார்சல், பிறந்தநாள் பரிசு தானாக வருபவை, ‘ரிசீவ்’ சரி. கிராம சேவகரிடம் போய், படிவம் நிரப்பி, வதிவிடச் சான்றிதழ் எடுத்தால் ‘ஒப்டெய்ன்’. அனுமதிக்கும் அதுவே. மொழி, திறமை போலக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்வதற்கு ‘எக்வயர்’, அனுபவத்துக்கு ‘கெய்ன்’, உழைத்த கூலிக்கு ‘ஏர்ன்’. பீலிக்குப் போய்த் தண்ணீர் பிடித்துக்கொண்டு வருவது ‘ஃபெட்ச்’. போவதும் திரும்பி வருவதும் அந்த ஒரு சொல்லுக்குள் அடக்கம்.

வேலை கிடைத்தது என்பதை ‘ரிசீவ்ட் எ ஜாப்’ என்று எழுதக்கூடாது. ‘காட் எ ஜாப்’ அல்லது ‘ஃபவுண்ட் எ ஜாப்’. வேலைக்கான கடிதத்தைத்தான் ‘ரிசீவ்’ பண்ணலாம்.

நம்முடைய ‘எடுத்தேன்’ இன்னொரு குழி. சம்பளம் எடுத்தேன், எழுபத்தைந்து மார்க்ஸ் எடுத்தேன் என்று பேசிப் பழகியதால் கை தானாக ‘டுக்’ என்று எழுதப் போகும். மார்க்ஸுக்கு ‘காட்’ அல்லது ‘ஸ்கோர்ட்’, சம்பளத்துக்கு ‘ஐ வாஸ் பெய்ட்’.

தேயிலைத் தோட்டத்துப் பேச்சில் ‘பேர்’ என்பது ஒரு நாள் வேலைக் கணக்கு. குறித்த கிலோ கொழுந்து வராவிட்டால் அரைப்பேர் போடுவார்கள். இதைப் புகார்க் கடிதத்தில் ‘வி காட் ஒன்லி ஹாஃப் நேம்’ என்று எழுதினால் கொழும்பில் இருக்கும் அதிகாரி தலையைச் சொறிவார். ‘வி வேர் பெய்ட் ஒன்லி ஃபோர் ஹாஃப் எ டே’ என்று எழுதுங்கள். ‘கெட்’டும் வேண்டாம், அதன் ஒத்தசொல்லும் வேண்டாம்.

ஆகுதல்

‘பிகம்’ பல இடத்தில் பொருந்தும்: ‘பிகேம் ஆங்கிரி’, ‘பிகேம் டயர்ட்’. நிறம் மாறினால் ‘டேர்ன்’ இன்னும் நல்லது; இலை மஞ்சளானது, ‘தி லீவ்ஸ் டேர்ன்ட் யெல்லோ’. கெட்டுப்போனால் ‘கோ’, பால் புளித்தது, ‘தி மில்க் வென்ட் சவர்’. மெல்ல மெல்ல இருட்டினால் ‘இட் க்ரூ டார்க்’. ‘காட் மேரிட்’டை மட்டும் ‘பிகேம் மேரிட்’ ஆக்கிவிடாதீர்கள், யாரும் அப்படிப் பேசுவதில்லை.

போய்ச் சேர்தல்

ரயில் நானுஓயாவுக்கு வந்து சேர்ந்தது. ‘காட் டு நானுஓயா’, ‘ரீச்ட் நானுஓயா’, ‘அரைவ்ட் அட் நானுஓயா’ மூன்றும் சரி. தவறு ‘ரீச்ட் டு’. தமிழில் உள்ள ‘க்கு’தான் அந்த ‘டு’வை இழுத்து வருகிறது. நானுஓயாவை அடைந்தது என்று மனதில் மாற்றிப் போட்டால் ‘டு’ தானே உதிர்ந்துவிடும். ‘அரைவ்’வுக்குப் பின் ஸ்டேஷன், பள்ளிக்கூடம் என்றால் ‘அட்’. பெரிய நகரம், நாடு என்றால் ‘இன்’. வீட்டுக்கு ஒன்றுமே வேண்டாம்: ‘காட் ஹோம்’, ‘ரீச்ட் ஹோம்’, ‘அரைவ்ட் ஹோம்’.

செய்யவைத்தல்

தம்பியை வரவைத்தேன் என்று தமிழில் ஒரே வினையில் முடிக்கலாம். ஆங்கிலத்தில் எப்படி வரவைத்தீர்கள் என்பதும் சொல்லுக்குள் வரும். நைசாகப் பேசி என்றால் ‘பர்ஸ்வேடட் ஹிம் டு கம்’. அதட்டி என்றால் ‘மேட் ஹிம் கம்’. இங்கே ‘டு’ கிடையாது.

காசு கொடுத்து இன்னொருவரைக் கொண்டு செய்வித்த வேலைக்கு அமைப்பே வேறு. அடையாள அட்டைக்குப் படம் எடுத்தேன் என்பதை ‘ஐ டுக் எ போட்டோ’ என்று எழுதினால் கேமராவைப் பிடித்தது நீங்கள். ‘ஐ காட் மை போட்டோ டேக்கன்’ என்றால்தான் ஸ்டூடியோக்காரர் எடுத்தார். ‘காட்’டுக்குப் பதில் ‘ஹேட்’ போடலாம், மற்றது அப்படியே இருக்கும். முடி வெட்டியதும் இதே கதை: ‘ஐ ஹேட் மை ஹெயார் கட்’.

யாருக்கு எழுதுகிறோம்

‘கெட்’ பழைய நோர்ஸ் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குள் வந்த சொல். ‘ரிசீவ்’, ‘ஒப்டெய்ன்’ போன்றவை பிரெஞ்சு வழியாக வந்தவை. 1066இல் நோர்மன்காரர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு கோர்ட்டிலும் அரசாங்கக் காரியத்திலும் பிரெஞ்சு ஏறி உட்கார்ந்தது. அந்தச் சொற்களில் இன்றைக்கும் கந்தோர் வாசனை அடிப்பது அதனால்தான். எனவே தோட்ட மேனேஜருக்கோ பிரதேச செயலகத்துக்கோ எழுதும்போது ‘ஐ ரிசீவ்ட் யுவர் லெட்டர்’. மச்சானுக்கு எழுதும்போது ‘ஐ காட் யுவர் லெட்டர்’. மச்சானுக்கு ‘ரிசீவ்ட்’ என்று எழுதினால் இலக்கணப் பிழை இல்லை, ஆனால் கோபத்தில் இருக்கிறீர்களோ என்று நினைப்பான். பரீட்சையில் நண்பனுக்குக் கடிதம் என்று கேட்டால் ‘கெட்’டைப் பயப்படாமல் எழுதலாம்.

‘கெட் அப்’, ‘கெட் ஆன்’, ‘கெட் ஓவர்’ போன்ற ஒட்டுச் சொற்களைப் பிரித்து மாற்றாதீர்கள். இரண்டு சொல்லையும் சேர்த்தே ஒன்றாக மாற்ற வேண்டும். காய்ச்சலிலிருந்து ‘காட் ஓவர்’ என்றால் ‘ரிகவர்ட் ஃப்ரம்’. ‘கெட் டவுன்’ விஷயத்தில் இலங்கை வழக்கு தனி. ஹட்டனில் பஸ்ஸை விட்டு இறங்குவதை நாம் ‘கெட் டவுன்’ என்போம். பிரிட்டிஷ் வழக்கில் ‘கெட் ஆஃப்’. கொழும்பிலிருந்து சாமான் இறக்குவதையும் இங்கே ‘கெட் டவுன்’ என்பார்கள். வெளிநாட்டுக்காரருக்கு அது விளங்காது, ‘ஆர்டர்’ என்று எழுதிவிடுங்கள்.