பூல் ஆட்டம் முன்னேற எந்த வீடியோவைப் பார்ப்பது? புதியவர்களுக்கு ஒரு வழிமுறை

பூல் என்பது க்யூ என்ற கோலால் பந்துகளை அடித்து, மேஜையோரத் துளைகளில் (பாக்கெட்) விழ வைக்கும் ஆட்டம். யூடியூபில் 'பூல்' என்று தட்டினால் முதலில் வந்து நிற்பவை பெரும்பாலும் வித்தை ஷாட்டுகள். ஒரே அடியில் ஐந்தாறு பந்துகள் ஆளுக்கொரு பாக்கெட்டைத் தேடி ஓடும். 'வெனம்' என்ற பெயரில் கலக்கும் ஃப்ளோரியன் கோலர் இதில் பெரிய கில்லாடி. எவ்வளவு பார்த்தாலும் சலிக்காது. அடுத்து வருபவை "இந்த ஒரு ரகசியம் போதும், இனி பந்து தவறாது" என்ற வகை. இந்த இரண்டையும் பார்த்தே ஒரு மாலைப் பொழுதைத் தொலைத்துவிடலாம். மறுநாள் கிளப்புக்குப் போனால் அதே நேர் பந்து அதே மாதிரி தவறும்.

என் கட்சி இதுதான்: உங்கள் ஆட்டத்தில் எது கோணல் என்று முதலில் கண்டுபிடியுங்கள், பிறகு அதற்கு மட்டும் வீடியோ தேடுங்கள். தேடல் பெட்டி கடைசியில்தான் வர வேண்டும்.

படி 1: உங்கள் மேஜை எது?

அமெரிக்க பூலில் போட்டி மேஜை ஒன்பது அடி. ஆடும் பரப்பு மட்டும் 100 அங்குல நீளம், 50 அங்குல அகலம். பந்து 57 மில்லிமீட்டர். ஸ்னூக்கர் மேஜை 12 அடி, பந்து 52.5 மில்லிமீட்டர், பாக்கெட்டின் வாய் வளைந்திருக்கும். பிரிட்டிஷ் பப்களில் சிவப்பு, மஞ்சள் பந்துகளை வைத்து ஆடுவது மூன்றாவது ரகம்: ஏழடி மேஜை, அதைவிடச் சின்னப் பந்து, ஸ்னூக்கரைப் போலவே வளைந்த வாய்.

நம் ஊர்க் கிளப்புகள் பலவற்றில் ஸ்னூக்கர் மேஜையும் பூல் மேஜையும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். சொல்லித்தரும் மார்க்கர் (கிளப்பின் மேஜைப் பணியாளர்) அனேகமாக ஸ்னூக்கரில் பழகியவராக இருப்பார். (1882-ல் ஊட்டி கிளப்பில் விதிகளை எழுதி மாட்டிய ஆட்டம் ஆயிற்றே, அந்தச் செல்வாக்கு லேசில் போகுமா?) ஸ்னூக்கர் பயிற்சியாளர்களின் வீடியோவே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். எப்படி நிற்பது, க்யூவை எப்படி நேராகச் செலுத்துவது என்பதில் அவர்கள் பாடம் சுத்தமாக இருக்கும். ஆனால் க்யூவால் நேரடியாக அடிக்கும் வெள்ளைப் பந்தை எங்கே நிறுத்துவது, குஷனை (மேஜை விளிம்பின் ரப்பர் சுவர்) ஒட்டி வரும் பந்தைப் பாக்கெட் ஏற்குமா, ஆட்டத்தைத் தொடங்கும் பிரேக் எப்படி அடிப்பது என்று வரும்போது உங்கள் மேஜைக்குரிய வீடியோவைத்தான் பார்க்க வேண்டும்.

தேடும்போது ஒன்று கவனியுங்கள். வெள்ளைப் பந்தைப் பின்னோக்கி வரவைக்கும் சுழலைப் பிரிட்டிஷ்காரர்கள் 'ஸ்க்ரூ' என்பார்கள், அமெரிக்கர்கள் 'ட்ரா' என்பார்கள். பக்கவாட்டுச் சுழல் அவர்களுக்கு 'சைடு', இவர்களுக்கு 'இங்கிலீஷ்'. இரண்டு விதமாகவும் தட்டிப் பாருங்கள்.

படி 2: அடுத்தவர் வீடியோவுக்கு முன்னால் உங்கள் வீடியோ

போனை இரண்டு இடத்தில் வைத்து உங்களையே படம் எடுங்கள். ஒன்று, பாக்கெட்டுக்குப் பின்னால், உங்கள் முகத்தைப் பார்த்தபடி. இன்னொன்று, பக்கவாட்டில், முழங்கை உயரத்தில். ஸ்லோ மோஷன் இருந்தால் அதைப் போடுங்கள். ஸ்டாண்ட் இல்லையென்றால் ஒரு நாற்காலியும் தண்ணீர் பாட்டிலும் போதும்.

பிறகு இரண்டு சோதனைகள்.

முதலாவது எளிது. மேஜையின் நடுக்கோட்டில், ஒரு முனையில் வெள்ளைப் பந்தை வையுங்கள். எதிர்க் குஷனின் நடுவைப் பார்த்து அடியுங்கள். அடித்த பிறகு க்யூவை எடுக்காமல் அப்படியே நிறுத்தி வையுங்கள். பந்து போய் மோதித் திரும்பி வந்து உங்கள் க்யூவின் நுனியை (டிப்) தொட வேண்டும். எப்போதும் ஒரே பக்கமாக விலகிப் போகிறது என்றால், நீங்கள் நடுவில் அடிப்பதாக நினைத்துக்கொண்டு ஓரத்தில் அடிக்கிறீர்கள்.

இரண்டாவது ஸ்டாப் ஷாட். எனக்குப் பிடித்த சோதனை இது, ஏனென்றால் இதில் ஏமாற்ற முடியாது. ஒரு பந்தைப் பாக்கெட்டுக்கு நேராக வையுங்கள். அதற்கு இரண்டு அடி பின்னால், அதே கோட்டில் வெள்ளைப் பந்து. அடித்ததும் அந்தப் பந்து உள்ளே போக வேண்டும், வெள்ளைப் பந்து மோதிய இடத்திலேயே அசையாமல் நிற்க வேண்டும். இப்போது வெள்ளைப் பந்தை மட்டும் பாருங்கள்.

முன்னால் கொஞ்சம் ஊர்ந்து போனால், மோதுவதற்கு முன்பே அது உருள ஆரம்பித்துவிட்டது. இன்னும் சற்றுக் கீழே அடித்திருக்க வேண்டும், அல்லது இன்னும் வேகமாக. நின்ற இடத்திலேயே பம்பரம் போலச் சுற்றினால் டிப் பக்கவாட்டில் பட்டிருக்கிறது. சுற்றாமல் பக்கத்தில் நழுவினால் குறி நேராக இல்லை. பந்து விழுந்ததா இல்லையா என்பதைவிட இந்த மூன்றும் அதிகம் சொல்லும்.

அதோடு நீங்கள் எடுத்த வீடியோவையும் பாருங்கள். அடிக்கும் கணத்தில் தலை எழும்புகிறதா? தோள் இறங்குகிறதா? பிடி இறுகுகிறதா? பெரும்பாலான புதியவர்களுக்குத் தலை எழும்பும். பந்து போகிறதா என்று பார்க்கும் ஆவல்தான் காரணம்.

படி 3: ஒரு குறைக்கு ஒரு வீடியோ

சோதனையில் தெரிந்ததை ஒரே வரியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். "வெள்ளைப் பந்து வலப்பக்கமே திரும்பி வருகிறது" என்று எழுதினால், நீங்கள் தேட வேண்டியது ஸ்ட்ரோக்கும் (க்யூவைச் செலுத்தும் விதம்) நிற்கும் முறையும். "நேர் பந்து விழுகிறது, சாய்ந்த பந்து விழவில்லை" என்றால் குறிபார்த்தல். "பந்து விழுகிறது, அடுத்த பந்துக்கு வழியில்லாமல் போகிறது" என்றால் வெள்ளைப் பந்தின் கட்டுப்பாடு. இந்த வரிசையிலேயே போவது நல்லது. ஸ்ட்ரோக் கோணலாக இருக்கும்போது சைடு போட்டு அடிக்கக் கற்றால், ஒரு குறையை மறைக்க இன்னொரு குறை பழகிவிடும்.

பிரேக், பந்தைத் துள்ள வைக்கும் ஜம்ப், வளைந்து ஓட வைக்கும் மாஸே எல்லாம் இப்போதைக்கு வேண்டாம். ஜம்ப் ஷாட்டைப் பழக முயன்று துணியைக் கிழித்தால் மார்க்கரின் முகத்தைப் பார்க்க முடியாது.

படி 4: ஐந்து நிமிடத்தில் வீடியோவை எடைபோடுங்கள்

முழு வீடியோவையும் உட்கார்ந்து பார்க்கத் தேவையில்லை. நான் கவனிப்பது இவைதான்.

முதலில் கேமரா. மேலிருந்து முழு மேஜையும் தெரிகிறதா? வெள்ளைப் பந்து கடைசியாக எங்கே நிற்கிறது என்று காட்டுகிறார்களா? பந்து பாக்கெட்டில் விழுந்த உடனே காட்சியை வெட்டிவிடும் வீடியோவை மூடிவிடுங்கள். வெள்ளைப் பந்து நிற்கும் இடம்தான் பாடமே, அதையே காட்டவில்லை என்றால் அங்கே விளம்பரம்தான் இருக்கிறது.

அடுத்தது, சொல்லித்தருபவர் ஏன் என்று சொல்கிறாரா? அடித்த பிறகும் க்யூ முன்னால் போக வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். டிப் பந்தைத் தொட்டிருப்பது ஏறக்குறைய ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம்தான். அதற்குப் பிறகு க்யூ எங்கே போனாலும் பந்துக்குத் தெரியாது. அப்புறம் ஏன் அந்தப் பழக்கம்? பாதியில் நிறுத்த நினைக்கும் கை, தொடுவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடும், திசையும் மாறும். இந்த அளவுக்காவது விளக்குபவரை நம்பலாம்.

மூன்றாவது, கோணம் மாறும்போது என்ன ஆகும் என்றும் காட்டுகிறாரா, அல்லது ஒரே ஷாட்டைத் திரும்பத் திரும்ப அடித்துக் கைதட்டல் வாங்குகிறாரா?

நான்காவது எனக்கு மிக முக்கியம்: கடைசியில் உங்களுக்கு ஒரு பயிற்சி தருகிறாரா? பந்தை எங்கே வைப்பது, எத்தனை முறை அடிப்பது, எது தேர்ச்சி என்று தெளிவாக இருக்க வேண்டும். "இதை நன்றாகப் பழகுங்கள்" என்பதெல்லாம் பயிற்சியில் சேராது.

எடுத்துக்காட்டுக்கு ஒருவரைச் சொல்கிறேன். டேவ் அல்சியாட்டோர், கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் பேராசிரியராக இருந்தவர். பூல் உலகில் 'டாக்டர் டேவ்' என்றால்தான் தெரியும். அதிவேகக் கேமராவில் பந்துகள் மோதுவதைப் படம் பிடித்து, நிறைய வீடியோக்களை இலவசமாகவே போட்டிருக்கிறார். அவருடைய முப்பது டிகிரி விதி பற்றிய பாடத்தைத் தேடிப் பாருங்கள். இயல்பாக உருண்டு வரும் வெள்ளைப் பந்து, இன்னொரு பந்தின் கால்வாசி முதல் முக்கால்வாசி வரை எந்த அளவில் மோதினாலும், தான் வந்த திசையிலிருந்து சுமார் 30 டிகிரி விலகிப் போகும். இதை மேஜையில் எப்படி அளப்பது? வெற்றிச் சின்னம் காட்டுவது போல ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் நன்றாக விரித்துப் பிடியுங்கள். ஒரு விரல் வெள்ளைப் பந்து குறிவைத்துப் போகும் திசையில் இருக்கட்டும். மற்ற விரல் காட்டும் பக்கமாகத்தான் மோதிய பிறகு அது போகும். உருளாமல் வழுக்கிக்கொண்டு வந்து மோதினால் கணக்கு வேறு: அடிபட்ட பந்து போகும் திசைக்குச் செங்குத்தாக, 90 டிகிரியில் கிளம்பும்.

இதுதான் நான் சொல்லும் நல்ல பாடம். ஒரு விதி, அது எப்போது பொருந்தும், எப்போது பொருந்தாது, கையோடு எடுத்துப்போக ஓர் அளவுகோல். பேராசிரியரின் பேச்சில் சினிமாத்தனம் கிடையாது, கொஞ்சம் வகுப்பறை வாசனை வரும். பொறுத்துக்கொள்ளலாம்.

படி 5: குறிபார்க்கும் 'சிஸ்டம்' வீடியோக்கள்

இவற்றைத் தள்ளி வையுங்கள். பெயர் வைத்த முறைகள் பல உண்டு, ஒவ்வொன்றுக்கும் பக்தர்கள் உண்டு, அவர்களுக்குள் ஓயாத சண்டையும் உண்டு. புதியவருக்குக் கோஸ்ட் பால் போதும்: அடிக்க வேண்டிய பந்தின் பின்னால், பாக்கெட்டுக்கு நேர் எதிரே இன்னொரு பந்து ஒட்டிக்கொண்டிருப்பதாக நினைத்து, அந்த இடத்துக்கு வெள்ளைப் பந்தை அனுப்புவது. அரைப்பந்து மோதலில் (வெள்ளைப் பந்து மற்றதன் பாதியை மறைத்து மோதுவது) அடிபட்ட பந்து, வெள்ளைப் பந்து வந்த திசையிலிருந்து 30 டிகிரி சாய்ந்து போகும் என்பதை மட்டும் கூடவே பழகிக்கொள்ளுங்கள், மற்ற கோணங்களுக்கு அது நல்ல ஒப்பளவு.

படி 6: வீடியோவை மேஜைக்குக் கொண்டு போவது

ஒரு முறைக்கு ஒரே பாடம். கணினியில் பார்க்கிறீர்கள் என்றால் வேகத்தைக் கால்வாசியாகக் குறைக்கலாம். நிறுத்திவிட்டுக் கீபோர்டில் கமா, முற்றுப்புள்ளிப் பொத்தான்களை அழுத்தினால் படம் ஒவ்வொரு சட்டமாகப் பின்னாலும் முன்னாலும் நகரும். டிப் பந்தைத் தொடும் சட்டத்தில் அவருடைய முழங்கை எங்கே இருக்கிறது, உங்கள் வீடியோவில் எங்கே இருக்கிறது என்று வைத்துப் பாருங்கள்.

பயிற்சிக்கு ஒரு பழைய சரக்கு சொல்கிறேன். வி.எச்.எஸ். கேசட் காலத்தில் பாடம் எடுத்த பெர்ட் கினிஸ்டரின் 'மைட்டி எக்ஸ்'. மேஜையின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குப் போகும் குறுக்குக் கோட்டில் வெள்ளைப் பந்தும் இன்னொரு பந்தும். முதலில் ஸ்டாப் ஷாட். அடுத்து ஃபாலோ: பந்து விழுந்த அதே பாக்கெட்டுக்குள் வெள்ளைப் பந்தும் பின்னாலேயே போய் விழ வேண்டும். பிறகு ட்ரா: வெள்ளைப் பந்து பின்னால் திரும்பி வந்து எதிர் மூலைப் பாக்கெட்டில் விழ வேண்டும். ஆட்டத்தில் தவறாகும் விஷயம் இங்கே தேர்ச்சி. கோடு மயிரிழை விலகினாலும் வெள்ளைப் பந்து விழாது, அதனால் உங்கள் ஸ்ட்ரோக் எவ்வளவு நேர் என்பது உடனே தெரிந்துவிடும். புதியவர்கள் தூரத்தைக் குறைத்து வைத்துத் தொடங்கலாம்.

பந்தை ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் வைக்க, ஃபைல் தாள்களின் துளையைச் சுற்றி ஒட்டுகிற வளைய ஸ்டிக்கர் நன்றாக உதவும். ஒட்டும் முன் கிளப்பில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். பத்து அடியில் எத்தனை சரி என்று குறித்து வையுங்கள்.

படி 7: ஆட்டங்களைப் பார்ப்பது

இதுவும் பாடம்தான், பார்க்கத் தெரிந்தால். நைன்-பால் ஆட்டங்களைத் தேர்ந்தெடுங்கள். மேஜையில் இருப்பவற்றில் மிகக் குறைந்த எண்ணுள்ள பந்தைத்தான் முதலில் தொட வேண்டும் என்பதால் ஆட்டக்காரர் அடுத்து எங்கே போக நினைக்கிறார் என்று உங்களாலும் ஊகிக்க முடியும். பேட் ஃபிளமிங் 1980-களில் தொடங்கிய அக்யூ-ஸ்டாட்ஸ் பதிவுகளில் வர்ணனை செய்பவர்களும் தேர்ந்த ஆட்டக்காரர்கள், அதனால் வெறும் ஆரவாரமாக இருக்காது. ஒவ்வொரு அடிக்கும் முன்னால் நிறுத்தி, வெள்ளைப் பந்து எங்கே போய் நிற்கும் என்று விரலை வைத்துக் காட்டுங்கள். பிறகு ஓட விடுங்கள். உங்கள் ஊகம் தவறிய இடத்தில் மட்டும் திரும்பப் பாருங்கள்.

1999-ல் உலக நைன்-பால் பட்டம் வென்ற பிலிப்பைன்ஸ் நாட்டு எஃப்ரென் ரேயஸின் ஆட்டத்தை ஒரு முறையாவது இப்படிப் பாருங்கள். ஊகிக்கவே விடமாட்டார். ஆனால் அவருடைய கையசைவைப் பார்த்துப் போலச் செய்யாதீர்கள். அந்தத் தளர்ந்த நீண்ட ஸ்ட்ரோக் அவருக்குப் பொருந்தும், உங்கள் முழங்கை அதற்கு இன்னும் தயாராகவில்லை.

எப்போது அடுத்த வீடியோ?

குறித்து வைத்த எண்ணிக்கை ஏறிக்கொண்டிருக்கும் வரை அதே பாடத்தில் இருங்கள். ஓரிரு வாரம் அசையாமல் நின்றால், அதே விஷயத்தை வேறொருவர் எப்படிச் சொல்கிறார் என்று பாருங்கள். சிலருக்குப் பக்கவாட்டுக் காட்சியில் புரியாதது நேர்க் காட்சியில் புரியும். இரண்டாவது வீடியோவுக்குப் பிறகும் அசையவில்லை என்றால் மூன்றாவதைத் தேட வேண்டாம். கிளப்பில் உங்களைவிட நன்றாக ஆடும் ஒருவரை, "அண்ணே, நான் அடிக்கும்போது என் க்யூவை மட்டும் கொஞ்சம் பாருங்க" என்று பின்னால் நிறுத்திவிட்டுப் பத்து ஸ்டாப் ஷாட் அடியுங்கள்.