ஓ.பி.யில் ஃபார்ம்.டி. இன்டர்னைப் பழக்குவது: மருந்துப் பையிலிருந்து தொடங்குங்கள்

ஃபார்ம்.டி. (டாக்டர் ஆஃப் ஃபார்மசி) என்ற மருந்தியல் படிப்பின் ஆறாம் ஆண்டு முழுக்க இன்டர்ன்ஷிப். 2008ஆம் ஆண்டு விதிமுறைப்படி ஆறு மாதம் பொது மருத்துவத்தில், பிறகு மூன்று சிறப்புத் துறைகளில் இரண்டிரண்டு மாதம். நடைமுறையில் இதில் பெரும்பகுதி வார்டிலேயே கழிந்துவிடுகிறது. அப்படி வார்டில் தேறியவரை ஓ.பி.யில், அதாவது வெளிநோயாளிப் பிரிவில், உட்கார வைத்தால் முதல் நாளே தடுமாறுவார். வார்டில் கேஸ் ஷீட் இருக்கிறது, மருந்தை நேரத்துக்குக் கொடுக்க நர்ஸ் இருக்கிறார், சந்தேகம் வந்தால் சாயங்காலம் போய் மறுபடி கேட்கலாம். ஓ.பி.யில் சீட்டில் எழுதியிருப்பது ஒன்று, வீட்டில் வாய்க்குள் போவது இன்னொன்று. அதைக் கண்டுபிடிக்கக் கிடைப்பது பத்துப் பன்னிரண்டு நிமிடம்தான். அதற்குள் நோயாளி பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பிவிடுவார்.

முதலில் இடம். இன்டர்னை மருந்து கொடுக்கும் கவுன்ட்டரில் நிறுத்தாதீர்கள். வரிசை நெருக்கும்போது அங்கே யாரும் யாரிடமும் பேச முடியாது. டாக்டர் அறைக்கும் கவுன்ட்டருக்கும் நடுவே ஒரு மேஜை, மூன்று நாற்காலி போதும். எல்லாரையும் பார்க்க வேண்டியதில்லை. ஐந்து மருந்துக்கு மேல் எடுப்பவர், இன்சுலின் போடுபவர், இன்ஹேலர் இழுப்பவர், ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் அல்லது அசிட்ரோம் எடுப்பவர், மூட்டுவாதம் போன்றவற்றுக்கு மெத்தோட்ரெக்ஸேட் எடுப்பவர், சமீபத்தில் டிஸ்சார்ஜ் ஆனவர்: இந்த ஆறு வகையினரை மட்டும் மேஜைக்கு அனுப்பச் சொல்லுங்கள். முதல் வாரம் நாளுக்கு நான்கு பேர், மாதக் கடைசியில் எட்டுப் பத்துப் பேர் என்றால் சரியான வேகம்.

முதல் இரண்டு மூன்று நாள் நீங்கள் பேசுங்கள், இன்டர்ன் பார்க்கட்டும். சும்மா பார்க்கச் சொன்னால் எதுவும் ஏறாது. "இன்று நான் கேட்கும் கேள்விகளை மட்டும் அப்படியே எழுது" என்று ஒரு வேலை கொடுங்கள். அடுத்து அவர் பேச, நீங்கள் உட்காருங்கள். ஆனால் நோயாளியின் கண்ணில் படாமல் முதுகுப் பக்கமாக. பக்கத்தில் உட்கார்ந்தால் நரைத்த தலையைப் பார்த்துத்தான் நோயாளி பதில் சொல்வார், இன்டர்ன் வெறும் எழுத்தராகிவிடுவார். மூன்றாம் வாரத்திலிருந்து தனியாகப் பார்க்கலாம். ஒரே நிபந்தனை: நோயாளி எழுந்து போவதற்கு முன் தன் முடிவை உங்களிடம் சொல்லியாக வேண்டும்.

பையைக் கொட்டுவது

கற்றுக்கொடுக்க வேண்டிய முதல் திறமை இதுதான். மற்றதெல்லாம் இதற்குப் பிறகு. சீட்டைப் படிப்பதற்கு முன் மஞ்சள் பையோ பிளாஸ்டிக் கவரோ, கொண்டுவந்ததை மேஜையில் கொட்டச் சொல்லுங்கள். அட்டைகளை மூன்று குவியலாகப் பிரிக்க வேண்டும்: இப்போது போடுவது, நிறுத்தியது, எதற்கென்றே தெரியாதது. பிரிப்பது நோயாளியின் கை. இன்டர்ன் பிரித்தால் சீட்டில் உள்ளபடி பிரித்துவிடுவார், பயனில்லை.

பிறகு எண்ண வேண்டும். இருபது நாளைக்கு முன் முப்பது மாத்திரை வாங்கினார், தினம் ஒன்று என்றால் பத்து மீதி இருக்கணும். இருபத்திரண்டு இருந்தால் அங்கேதான் பேச்சு தொடங்குகிறது. "மாத்திரையெல்லாம் ஒழுங்கா போடுறீங்களா?" என்று கேட்டால் "போடுறேன் சார்" என்ற பதில் மட்டுமே வரும். "போன வாரம் எத்தனை நாள் விட்டுப் போச்சும்மா? எல்லாருக்கும் விட்டுப்போறதுதான்" என்று கேட்கப் பழக்குங்கள். விட்ட காரணம் மறதியாக இருக்காது பல நேரம்: போட்டால் அடிக்கடி ஒன்றுக்குப் போக வேண்டியிருக்கிறது என்பதால் பயண நாளில் நீர் மாத்திரையை விட்டிருப்பார், விரதம் என்று சுகர் மாத்திரையை விட்டிருப்பார், அல்லது சாப்பிடாமலே போட்டிருப்பார்.

பையில் அடிக்கடி அகப்படுபவை: அரசு மருத்துவமனை அட்டை ஒன்று, தனியார் டாக்டர் எழுதியது ஒன்று, பெயர் வேறு, உள்ளே இருப்பது அதே பிரஷர் மருந்து டெல்மிசார்டன். சுகருக்கான கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த கூட்டு மாத்திரை, கூடவே தனி மெட்ஃபார்மின். மூட்டுவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய டைக்ளோஃபெனாக். பிரஷர் ஏன் இறங்கவில்லை, சிறுநீரகப் பாதிப்பைக் காட்டும் கிரியாட்டினின் ஏன் ஏறுகிறது என்பதற்கான விடை சில சமயம் அந்த ஒரு அட்டையிலேயே இருக்கும். பெயர் இருந்த பகுதியை வெட்டிவிட்ட அரை அட்டைகள். எல்லாவற்றையும்விட ஆபத்தானது மெத்தோட்ரெக்ஸேட்: வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் போட வேண்டிய சிறிய மஞ்சள் மாத்திரை. கூடவே கொடுக்கும் ஃபோலிக் ஆசிடும் பெரும்பாலும் சிறிய மஞ்சள் மாத்திரைதான். இரண்டும் மாறிப்போய் மெத்தோட்ரெக்ஸேட்டை தினம் போட்டால் எலும்பு மஜ்ஜை ஒடுங்கும், உயிரே போகலாம். "வாரம் ஒரு முறை" என்று சொன்னால் போதாது. "ஞாயிற்றுக்கிழமை மட்டும்" என்று கிழமையைச் சொல்லி, கவரில் எழுதி, நோயாளி வாயால் திருப்பிச் சொல்ல வைக்க வேண்டும். வாய்ப்புண், காய்ச்சல் வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே வரச் சொல்வதும் இதோடு சேர்ந்தது.

கையால் செய்து காட்டுவது

இன்டர்ன் முதலில் தன் கையால் பழக வேண்டும். இன்சுலின் பேனாவில் ஊசி மாட்டி, இரண்டு யூனிட் வெளியே தள்ளிப் பார்த்து, அழுத்தியபின் பத்து நொடி பிடித்திருக்கத் தெரியாதவர் நோயாளிக்கு எதைச் சொல்லித்தர? நம் ஊரில் இன்சுலின் குப்பி பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட், சிவப்பு மூடி சிரிஞ்ச் அதற்கானது. 100 யூனிட் சிரிஞ்சில் 40 என்ற கோடு வரை அந்தக் குப்பியிலிருந்து இழுத்தால் உள்ளே போவது 16 யூனிட்தான். தலைகீழாக, 100 யூனிட் குப்பிக்கு 40 யூனிட் சிரிஞ்ச் என்று மாறினால் இரண்டரை மடங்கு ஏறி, சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கிவிடும். இந்தக் கணக்கை இன்டர்ன் தாளில் போட்டுக் காட்டட்டும்.

சர்க்கரை இறங்கினால் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்கச் சொல்வது சரி. ஆனால் வோக்ளிபோஸ் அல்லது அகார்போஸ் என்ற சுகர் மாத்திரை எடுப்பவருக்கு வீட்டுச் சர்க்கரை உடனே உடையாது. குளுக்கோஸ் பவுடர்தான் வேண்டும். இன்டர்ன்கள் இதை அடிக்கடி கோட்டை விடுகிறார்கள்.

இன்ஹேலரில் ஒரே ஒரு வேறுபாடு மனதில் பதிய வேண்டும்: ஸ்ப்ரே வகையை மெதுவாக ஆழமாக இழுக்கணும், பவுடர் வகையை வேகமாக இழுக்கணும். பவுடர் கேப்ஸ்யூலை மாத்திரையென்று விழுங்குபவர்கள் இன்றும் உண்டு. அதனால் "காட்டுங்க பார்ப்போம்" என்று நோயாளியின் சொந்தக் கருவியிலேயே செய்யச் சொல்லிப் பார்க்கணும்.

ஐ.என்.ஆர். மேஜை

ஐ.என்.ஆர். என்பது ரத்தம் உறைவது எவ்வளவு தாமதமாகிறது என்பதைக் காட்டும் எண். இங்கே மருந்துக் கணக்கு வாரத்துக்கு, நாளுக்கு அல்ல. ஒருவர் அசிட்ரோம் தினம் 2 மி.கி. எடுக்கிறார், வாரத்துக்கு 14. ஐ.என்.ஆர். இலக்கு 2 முதல் 3; வந்திருப்பது 1.7. உடனே டோஸ் ஏற்றச் சொல்லும் இன்டர்னை நிறுத்தி, "எத்தனை நாள் விட்டார்?" என்று கேளுங்கள். இரண்டு நாள் விட்டிருந்தால் பழைய டோஸே தொடரலாம். விடவில்லை என்றால் ஐந்து முதல் பதினைந்து சதவீதம் ஏற்றலாம்: ஞாயிறும் புதனும் 3 மி.கி., மற்ற நாள் 2 மி.கி.; வாரத்துக்கு 16. ஓரிரு வாரத்தில் மறுபடி ரத்தப் பரிசோதனை. முன்மொழிவது இன்டர்ன், உத்தரவு டாக்டருடையது; இந்தக் கோடு ஒரு நாளும் மங்கக் கூடாது.

ஐ.என்.ஆர். திடீரென ஏறியிருந்தால் பல் டாக்டரிடம் போனீர்களா என்று கேட்கச் சொல்லுங்கள், பல் தொற்றுக்கு எழுதிய மெட்ரோனிடசோல் வந்திருக்கும். ஃப்ளுகோனசோல், கோ-ட்ரைமாக்ஸசோல், அமியோடரோன் ஏற்றும். ரிஃபாம்பிசின், கார்பமசெபைன் இறக்கும். கீரையில் உள்ள வைட்டமின் கே இந்த மருந்தின் வேலையைக் குறைக்கும்; அதற்காகக் கீரையே கூடாது என்று சொல்லி அனுப்புவது தவறான அறிவுரை. முருங்கைக்கீரை வாரம் இருமுறை சாப்பிடுபவர் அதே அளவில் தொடரட்டும், கூட்டவும் வேண்டாம் குறைக்கவும் வேண்டாம். தலையில் அடி, கறுத்த மலம் என்றால் மேஜையில் பேச்சே இல்லை, நேராக அவசரப் பிரிவு.

டாக்டரிடம் சொல்வதும் திருத்துவதும்

செயலியில் மருந்துகளைத் தட்டி, பதினான்கு இடைவினைகளோடு டாக்டர் அறைக்குள் நுழைவது இன்டர்ன்களின் பொதுவான பிழை. இரண்டாம் முறை அவர் காது கொடுக்க மாட்டார். ஒரு பிரச்சினை, ஒரு முன்மொழிவு, அரை நிமிடம்: "மேடம், 62 வயசு அம்மா. டெல்மிசார்டன் 40 ரெண்டு கம்பெனி பேர்ல எடுக்கறாங்க. நின்னா தலை சுத்துது. படுத்திருக்கும்போது 126/78, நின்னதும் 102/66. ஒண்ணை நிறுத்திடலாமா?"

நோயாளி போனதும் நீங்கள் விடையைச் சொல்லாதீர்கள். "உன் முடிவு என்ன? எதை வைத்துச் சொல்கிறாய்?" என்று கேட்டு, சரியாகச் செய்ததைக் குறிப்பிட்டுச் சொல்லி, ஒரே ஒரு பாடத்தை மட்டும் கொடுங்கள். நோயாளி முன்னால் திருத்துவது அவசரமான பிழைக்கு மட்டும்.

மொழி தனிப் பயிற்சி. ஆங்கிலத்தில் படித்தவருக்குக் கை நடுக்கம், படபடப்பு, வேர்வை என்று சட்டென வாயில் வராது. ஒரு குறிப்பேட்டில் சேர்க்கச் சொல்லுங்கள். "புரிஞ்சுதா?" என்ற கேள்வியைத் தடை செய்யுங்கள். "வீட்டுக்குப் போனதும் மருமக கேட்டா எப்படிச் சொல்லுவீங்க?" என்பது நல்ல கேள்வி.

பக்கவிளைவு என்று சந்தேகம் வந்தால் அன்றே பக்கவிளைவு அறிவிப்புப் படிவம் எழுத வைக்கவும். நோயாளி அடையாளம், சந்தேக மருந்து, என்ன நேர்ந்தது, யார் தெரிவிக்கிறார் என்ற நான்கும் இருந்தால் அனுப்பலாம். பக்கவிளைவைத் தெரிவிக்கும் தேசியக் கட்டணமில்லா எண் 1800-180-3024.

சில மாதத்தில் இன்டர்ன் மாறிவிடுவார், நோயாளி மாற மாட்டார். அதனால் கடைசி வாரத்தில் ஒரு கைமாற்றுப் பட்டியல்: டோஸ் மாறியவர், ஐ.என்.ஆர். நாள் குறித்தவர், புதிதாக இன்சுலின் தொடங்கியவர். புதிதாக வருபவரின் முதல் வேலை இவர்களுக்கு ஃபோன் செய்து இரண்டே கேள்வி கேட்பது: இப்போது எந்தெந்த மாத்திரை போடுறீங்க, எப்போ வரச் சொல்லியிருக்காங்க. பையோடு வரச் சொல்ல மறக்க வேண்டாம்.