பறவை போட்டோ: பறவைக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு மொதல்ல பாருங்க

பறவை போட்டோ எடுக்க வர்றவங்க மொதல்ல கேக்குறது எந்த லென்ஸ் வாங்கலாம், 400 எம்எம் போதுமா 600 எம்எம் வேணுமான்னு தான். லென்ஸ் முக்கியம் இல்லன்னு சொல்லல, ஆனா பாதி படம் கெட்டுப்போறது பின்னணியால, அத எடிட்டிங்ல ஒக்காந்து சரி பண்ண ஒரு மணி நேரம் ஆகும், ஸ்பாட்லயே ரெண்டு அடி தள்ளி நின்னா ஒரு நொடில முடியும்.

பறவையப் பாத்ததும் நாலஞ்சு ஷாட் அடிச்சு வச்சுக்கங்க, பறந்துட்டாலும் கையில ஏதோ ஒண்ணு இருக்கும். அது இன்னும் ஒக்காந்திருந்தா பறவையப் பாக்குறத விட்டுட்டு ஃப்ரேமோட ஓரத்தையும் அதுக்குப் பின்னாடியும் பாருங்க. தலைக்குப் பின்னாடி ஒரு குச்சி நீட்டிட்டு நிக்கும், இல்லன்னா இலை இடுக்குல வானம் வெள்ளை வெள்ளையா பொட்டு வச்ச மாதிரி தெரியும், நம்ம கண்ணு நேரா அங்கதான் போகும். லேசா இடது வலது நகந்தாலே அது மறைஞ்சிரும். இன்னொன்னு தூரம்: பறவை நமக்கு 8 மீட்டர் தள்ளி ஒக்காந்து, அதுக்கு ஒரு மீட்டர் பின்னாடியே செடி இருந்தா அப்பர்ச்சர, அதாவது லென்ஸ் திறப்ப, எஃப் 5.6னு பெருசா வச்சாலும் இலை உருவம் தெரியத்தான் செய்யும், அதே செடி 30 மீட்டர் தள்ளி இருந்தா அதவிட சின்னத் திறப்பான எஃப் 8லயே நல்லா கரைஞ்சு ஒரே கலரா வந்துரும். அதனால அப்பர்ச்சர் வீலத் திருப்புறதுக்கு முன்னாடி கால நகத்துங்க.

அப்புறம் உயரம். தரையில, தண்ணி ஓரத்துல நடக்குற பறவைன்னா படுத்துருங்க, சட்டை அழுக்காகும் பரவால்ல, கேமரா பறவையோட கண்ணு மட்டத்துக்கு வந்தா முன்னாடி தரையும் மங்கலாகும் பின்னாடியும் மங்கலாகும், பறவை மட்டும் தனியா தெரியும். மரத்து மேல இருக்குற பறவைக்கு எல்லாரும் பண்றது நேரா மரத்தடிக்குப் போறது, அங்கருந்து எடுத்தா வயிறும் வெளுத்த வானமும்தான் கிடைக்கும். கொஞ்சம் பின்னாடி வந்து எடுங்க, பறவை சின்னதா வந்தாலும் கோணம் நல்லாருக்கும்.

ஃப்ரேமிங்ல பறவை எந்தப் பக்கம் பாக்குதோ அந்தப் பக்கம் எடம் விடணும்னு எல்லாரும் சொல்லுவாங்க, சரிதான், ஆனா அதவிட தலை திரும்புற கோணம் ரொம்ப முக்கியம்னு நான் சொல்லுவேன். தலை லேசா நம்ம பக்கம் திரும்பி கண்ணுல வெளிச்சப் பொட்டு விழுந்தா படம் உயிரோட இருக்கும், அந்தப் பக்கம் திரும்பிட்டா எவ்ளோ ஷார்ப்பா இருந்தாலும் வேஸ்ட். வால் நுனி, ரெக்கை நுனி ஃப்ரேம்ல வெட்டுப்படாம பாத்துக்கங்க, பறக்குறத எடுக்கும்போது கொஞ்சம் லூசாவே எடுங்க.

செட்டிங்ஸ் சுருக்கமா சொல்றேன். ஷட்டர் வேகம் ஒக்காந்திருக்குற பறவைக்கு 1/500 நொடில இருந்து 1/1000, பறக்குறதுக்கு 1/2000 இல்ல அதவிட வேகமா, ஐஎஸ்ஓ (வெளிச்ச உணர்திறன்) ஆட்டோல விட்டுருங்க, ரா ஃபார்மேட்ல (கேமரா திருத்தாம அப்படியே சேமிக்குற ஃபைல்) எடுங்க. சைலண்ட் ஷட்டர்ல சில கேமரால ரெக்கை வளைஞ்ச மாதிரி வரும், அப்ப மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாத்திக்கங்க. எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் (கேமரா வைக்குற வெளிச்சத்த நாம கூட்டிக் கொறைக்குறது) மட்டும் நல்லா பழகணும்: இருட்டான தண்ணில வெள்ளைக் கொக்கு நின்னா கேமரா மொத்தத்தையும் வெளிச்சமாக்கப் பாக்கும், எறகு வெளுத்து டீடெயில் போயிரும், மைனஸ் 1 கிட்ட வச்சு ஹிஸ்டோகிராம் (வெளிச்ச அளவக் காட்டுற வரைபடம்) வலது ஓரத்துல முட்டுதான்னு பாருங்க. வெளுத்த வானத்துக்கு எதிர்ல காக்கான்னா தலைகீழா ப்ளஸ் 1. இருட்ட அப்புறம் எடிட்டிங்ல ஓரளவு தூக்கிக்கலாம், நாய்ஸ் (புள்ளி புள்ளியா தெரியுறது) வரும் அவ்ளோதான், முழுசா வெளுத்தது திரும்பி வராது.

கூடு கிட்ட போகாதீங்க, மறைக்குற இலைய ஒடிக்கவே ஒடிக்காதீங்க, குஞ்சுக்கு வெயிலும் படும் வேட்டையாடுற பறவைக்கும் வழி காட்டின மாதிரி ஆயிரும். தாய்ப் பறவை வாயில இரைய வச்சுக்கிட்டு கூட்டுக்குப் போகாம கத்திட்டே இருந்தா காரணம் நீங்கதான், பின்னாடி வாங்க.

வீட்டுக்கு வந்ததும் எடிட் பண்றதுக்கு முன்னாடி கழிக்கிற வேலை. 100 சதவீதம் ஜூம் பண்ணி கண்ணப் பாருங்க, கண்ணு ஷார்ப்பா இல்லன்னா டெலீட், ஒரே போஸ்ல இருபது இருந்தா ஒண்ணோ ரெண்டோ போதும். மிச்சம் இருக்குறதுல மொதல்ல நாய்ஸ் ரிடக்‌ஷன், அப்புறம் க்ராப், அப்புறம் வெளிச்சமும் கலரும். க்ராப்ல ஒரு கணக்கு இருக்கு: 24 மெகாபிக்சல் படத்துல அகலத்துல பாதி உயரத்துல பாதி எடுத்தா கையில மிஞ்சுறது 6 மெகாபிக்சல், போன்ல பாக்க தாராளம், பெருசா ப்ரிண்ட் போட பத்தாது.

கலரக் கூட்டும்போது கை அடக்கமா இருக்கணும், மீன்கொத்தியோட நீலம் தானாவே அடிக்கும், அதுக்கு மேல சாச்சுரேஷன் ஏத்துனா எறகு வரியெல்லாம் காணாமப் போய் பெயிண்ட் அடிச்ச மாதிரி ஆயிரும். பின்னணிய மாஸ்க் போட்டு (அத மட்டும் தனியா தேர்ந்தெடுத்து) லேசா இருட்டாக்கலாம், ஆனா பறவையச் சுத்தி வெள்ளைக் கோடு மாதிரி ஒளிவட்டம் தெரியுதான்னு பெருசாக்கிப் பாருங்க, தெரிஞ்சா அளவு மீறிட்டீங்க. ஷார்ப்னெஸ் பறவைக்கு மட்டும், பின்னணிக்குக் குடுத்தா கரைஞ்ச எடத்துல புள்ளி புள்ளியா நாய்ஸ் எந்திரிக்கும். குச்சிய அழிக்கிறது உங்க இஷ்டம், ஆனா வைல்ட்லைஃப் போட்டிங்க பலதுல ஒரு பொருள சேக்குறதும் அழிக்கிறதும் கூடாது, ரா ஃபைலையும் கேப்பாங்க, அதனால ஒரிஜினல பத்திரமா வைங்க.

நெட்ல போட நீளமான பக்கம் 2048 பிக்சல், கலர் ஸ்பேஸ் எஸ்ஆர்ஜிபி (நெட்டுக்குப் பொதுவான கலர் முறை). சைஸ் கம்மி பண்ணதும் படம் கொஞ்சம் மழுங்கும், எக்ஸ்போர்ட் பண்றப்ப ஸ்க்ரீன் ஷார்ப்பனிங் லோ வச்சா போதும்.