மோட்டார்ஹோமில் முதல் வெளிநாட்டுச் சுற்றுலா: வரைபடத்துக்கு முன்னால் வண்டியைப் பாருங்கள்

வெளிநாட்டில் மோட்டார்ஹோம், அதாவது படுக்கையும் சமையலறையும் கழிவறையும் உள்ள வண்டி, எடுத்துச் சுற்றலாம் என்று முடிவானதும் பலர் முதலில் திறப்பது வரைபடத்தைத்தான். ஆல்ப்ஸ் மலை, அப்புறம் இத்தாலிய ஏரிகள், அங்கிருந்து குரோஷியக் கடற்கரை என்று கோடு இழுத்து, நாளுக்கு ஓர் ஊர் என்று பிரித்துவிட்டு, வண்டியைக் கடைசியில் தேடுகிறார்கள். காரும் ஹோட்டலுமாகப் போகிறவர்களுக்கு இந்த வரிசை சரி. மோட்டார்ஹோமிலோ யார் ஓட்டலாம், எந்தச் சாலையில் போகலாம், இரவு எங்கே நிறுத்தலாம் என்பதையெல்லாம் வண்டியின் எடையும் உயரமும் நீளமும்தான் முடிவு செய்கின்றன. சில நாடுகளில் உள்ளே எந்த மாதிரிக் கழிவறை இருக்கிறது என்பதுகூட. இதைக் கடைசிக்குத் தள்ளுவதால் வரும் தவறுகள்தான் அதிகம்.

படுக்கை ஆறு, பெல்ட் நாலு

வாடகை விளம்பரத்தில் 'ஆறு பேருக்கு' என்று இருந்தால் அது பெரும்பாலும் படுக்கைக் கணக்கு. வண்டி ஓடும்போது சீட் பெல்ட்டோடு எத்தனை பேர் உட்காரலாம் என்பது வேறு எண். ஆறு படுக்கை உள்ள வண்டியில் நாலு பெல்ட் மட்டும் இருப்பது உண்டு. குழந்தைகள் இருந்தால் இன்னும் கவனம்: பக்கவாட்டில் பார்த்தபடி இருக்கும் பெஞ்ச், குழந்தை இருக்கை பொருத்துவதற்கானது இல்லை. இரண்டு எண்களையும் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டு மேசையை இறக்கிப் படுக்கையாக்கும் அமைப்பு படத்தில் சாமர்த்தியமாகத் தெரியும். தினமும் இரவு மெத்தையை அடுக்கி, காலையில் மறுபடி பிரித்துப் பாருங்கள், நாலாம் நாளே அலுத்துவிடும். இரண்டு வாரப் பயணம் என்றால் நிலையான படுக்கை ஒன்றாவது வேண்டும். அதற்காகத் தேவைக்கு மேல் பெரிய வண்டி எடுப்பதும் தவறுதான். இரண்டே பேருக்கு ஏழரை மீட்டர் வண்டி எதற்கு? மலைச் சாலையில் ஒவ்வொரு வளைவிலும், ஊருக்குள் ஒவ்வொரு நிறுத்தத்திலும் அந்த நீளத்துக்கு விலை கொடுக்க வேண்டியிருக்கும்.

3,500 கிலோ என்ற கோடு

ஐரோப்பிய நாடுகளில் சாதாரண கார் லைசென்ஸான பி பிரிவின் வழக்கமான எல்லை 3,500 கிலோ. இது வண்டியின் வெற்று எடை இல்லை. ஆட்கள், தண்ணீர், சாமான் எல்லாம் சேர்ந்து அதிகபட்சம் அனுமதிக்கப்பட்ட எடை. பல மோட்டார்ஹோம்கள் இந்தக் கோட்டுக்குள் அடங்கும்படியே தயாரிக்கப்படுவதால், ஏற்றுவதற்கு மிஞ்சும் அளவு நினைப்பதைவிடக் குறைவு.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஓட்டுநரும் எரிபொருளும் போக 400 கிலோ ஏற்றலாம் என்று வைத்துக்கொள்வோம். மற்ற மூன்று பேர் தலைக்கு 70 கிலோ என்றால் 210. தண்ணீர்த் தொட்டி 100 லிட்டர் என்றால் அது அப்படியே 100 கிலோ. மீதி 90. பின்னால் இரண்டு மின்சார சைக்கிள் மாட்டினால் அதில் 50 போய்விடும். நாலு பேருடைய துணி, மளிகை, பாத்திரம், நாற்காலி எல்லாவற்றுக்கும் 40 கிலோ. பெட்டி கட்டும் யாரும் இதை நம்ப மாட்டார்கள்; எடைமேடை நம்ப வைக்கும்.

எடை கூடினால் பிரேக் பிடிக்கும் தூரம் கூடும், டயர் சூடேறும், விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கேள்வி கேட்கும். போலீஸ் நிறுத்தி எடை போடுவதும் நடக்கிறது. தொட்டியை நிரப்பிக்கொண்டு ஓட்டாதீர்கள். வழியில் கை கழுவவும் கழிவறைக்கும் வேண்டியதை மட்டும் வைத்துக்கொண்டு, இரவு வண்டியை நிறுத்தித் தங்கும் கேம்ப்சைட் போய் நிரப்பினால் போதும்.

அனுமதிக்கப்பட்ட எடை 3,500 கிலோவைத் தாண்டும் வண்டியை எடுத்தால் லைசென்ஸோடு விஷயம் முடிவதில்லை. ஆஸ்திரியாவில் விக்னெட், அதாவது நெடுஞ்சாலைக்கு முன்கூட்டியே வாங்கும் சாலைக் கட்டண அனுமதி, செல்லாது. ஓடும் தூரத்துக்கேற்பச் சுங்கம் வசூலிக்கும் கோ-பாக்ஸ் கருவி வேண்டும். சுவிட்சர்லாந்திலும் கட்டணமுறை மாறிவிடும். பல நாடுகளில் வேக வரம்பும் இறங்கும்.

லைசென்ஸ் பற்றி இன்னொன்று. சர்வதேச ஓட்டுநர் அனுமதி ஒரே மாதிரி கிடையாது. 1949 ஜெனீவா ஒப்பந்தத்தின்படி தருவது ஒன்று, 1968 வியன்னா ஒப்பந்தத்தின்படி தருவது இன்னொன்று. ஜப்பான் முதல் வகையை மட்டும்தான் ஏற்கும். போகும் நாடு எதைக் கேட்கிறது என்று பார்த்து வாங்குங்கள். சொந்த நாட்டு லைசென்ஸ் கையில் இல்லாமல் அந்த அனுமதி மட்டும் செல்லாது. ஓட்டப்போகிறவர் இரண்டு பேர் என்றால் இருவருக்குமே வேண்டும். வாடகை ஒப்பந்தத்திலும் இரண்டு பெயரும் இருக்க வேண்டும்.

உயரம்

அமெரிக்காவின் வட கரோலினாவில் டர்ஹம் நகர ரயில் பாலம் ஒன்று உலகப் புகழ் பெற்றது. 11 அடி 8 அங்குலம் இடைவெளி. எச்சரிக்கைப் பலகை, விளக்கு எல்லாம் இருந்தும் வாடகை லாரிகளும் மோட்டார்ஹோம்களும் அதில் மோதிக் கூரை கழன்று நின்றன. 2019-ல் பாலத்தை 8 அங்குலம் உயர்த்தினார்கள். அதற்குப் பிறகும் மோதல் நிற்கவில்லை. ஓட்டியவர்கள் யாரும் முட்டாள்கள் இல்லை. பல வருஷம் கார் ஓட்டிய மூளைக்குத் தலைக்கு மேல் பார்க்கும் பழக்கம் கிடையாது, அவ்வளவுதான். வண்டியின் உயரம், அகலம், நீளம் மூன்றையும் மீட்டரிலும் அடியிலும் எழுதி ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். இந்த அளவுகளைக் கேட்டு வாங்கும் வழிகாட்டிச் செயலியைப் பயன்படுத்துங்கள். காருக்கானது உங்களைக் கார் போகும் சந்துக்குள்தான் கொண்டுபோகும். கூரையில் படும் சேதத்தை வாடகை இன்சூரன்ஸ் பல இடங்களில் ஏற்பதில்லை என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

நீளமும் பயணத்தை மாற்றும். அமெரிக்காவின் கிளேசியர் தேசியப் பூங்காவைப் பார்க்கப் போகும் பலருடைய ஆசை, மலையைக் கடக்கும் கோயிங்-டு-த-சன் சாலை. அதன் மையப் பகுதியில் 21 அடிக்கு, அதாவது சுமார் 6.4 மீட்டருக்கு மேல் நீளமான வண்டிகளுக்கு அனுமதி இல்லை. 25 அடி வண்டியை முன்பதிவு செய்தபிறகு இது தெரியவந்தால் என்ன செய்ய? இத்தாலிய நகரங்களின் பழைய மையங்கள் பலவற்றில் அனுமதி பெற்ற வண்டி மட்டும் நுழையக்கூடிய இசட்.டி.எல் பகுதிகள் உண்டு. வாயிலில் கேமரா இருக்கும், ஆள் இருக்க மாட்டார். அபராதம் சில மாதம் கழித்து வாடகை நிறுவனம் வழியாக, அவர்களுடைய நிர்வாகக் கட்டணத்தோடு வந்து சேரும். ஃபுளோரன்ஸ், ரோம் மாதிரி நகரங்களுக்கு வெளியே கேம்ப்சைட்டில் வண்டியை விட்டுவிட்டு பஸ்ஸிலோ ரயிலிலோ உள்ளே போவதுதான் நிம்மதி.

வரைபடம் காட்டும் ஐந்து மணி நேரம்

கார் வழிகாட்டி ஐந்து மணி நேரம் என்று சொன்னால் மோட்டார்ஹோமில் அது ஏழாகலாம். ஏற்றத்தில் மெதுவாகும், காற்றடித்தால் ஆடும், பின்னால் கார்கள் சேர்ந்தால் ஒதுங்கி வழிவிட வேண்டும். இதுகூடப் பரவாயில்லை. வண்டி தனக்கென்று தினமும் நேரம் கேட்கும். காலையில் மின்கம்பியைக் கழற்றிச் சுற்றணும், கழிவுநீரை இறக்கணும், தண்ணீர் பிடிக்கணும், அலமாரிக் கதவுகளைப் பூட்டணும். மாலையில் கேம்ப்சைட் வரவேற்பறை மூடுவதற்குள் போய்ச் சேர்ந்து, சமமான இடம் பார்த்து நிறுத்தணும்.

நான் சொல்வது: நாளுக்கு 200 முதல் 250 கிலோமீட்டர், முடிந்தவரை ஓரிடத்தில் இரண்டு இரவு. நார்வேயில் இதுவும் அதிகம். ஊருக்கு வெளியே பொது வேக வரம்பே 80 தான், நடுநடுவே மலைகளுக்கிடையே கடல் நுழைந்திருக்கும் ஃபியோர்டைக் கடக்கப் படகுக்குக் காத்திருக்கணும். நியூசிலாந்தின் தெற்குத் தீவில் ஒரே ஒரு தடம் உள்ள பாலங்கள் நிறைய. எதிரே வருபவருக்கு வழிவிட வேண்டுமா என்பதைப் பலகை பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். வடக்குத் தீவின் வெலிங்டனிலிருந்து தெற்குத் தீவின் பிக்டனுக்குக் கடல் கடக்கும் கப்பல் பயணம் சுமார் மூன்றரை மணி நேரம். கட்டணம் வண்டி நீளத்தைப் பொறுத்தது, விடுமுறைக் காலத்தில் முன்பதிவு இல்லாமல் இடம் கிடைப்பது கடினம்.

விமானம் இறங்கிய அன்றே வண்டி எடுக்கும் திட்டத்தை விட்டுவிடுங்கள். இரவெல்லாம் தூங்காமல் வந்து, பழக்கமில்லாத பக்கத்தில், பழக்கமில்லாத நீளத்தில் ஓட்டுவது ஆபத்து. கண்டம் தாண்டிப் பறந்து வந்தவர்களுக்கு முதல் இரவு ஓய்வு கட்டாயம் என்றே வட அமெரிக்காவின் சில வாடகை நிறுவனங்கள் விதி வைத்திருக்கின்றன.

எங்கே வேண்டுமானாலும் தூங்கலாமா?

படங்களில் மோட்டார்ஹோம் எப்போதும் ஆளில்லாத ஏரிக்கரையில்தான் நிற்கும். அந்தப் படம் எடுத்த இடத்தில் இரவு தங்குவது பல நாடுகளில் சட்டப்படி குற்றம்.

நார்வேயில் யாரும் இயற்கையில் உலவலாம் என்ற பொது உரிமை உண்டு என்று படித்திருப்பீர்கள். அது நடப்பவருக்கும் கூடாரம் போடுபவருக்கும். சாலையை விட்டு வண்டியைக் காட்டுக்குள் இறக்க அது அனுமதி தரவில்லை. ஐஸ்லாந்தில் கேம்ப்சைட்டுக்கு வெளியே வண்டியில் தூங்க நில உரிமையாளர் அனுமதி வேண்டும். குரோஷியாவில் கேம்ப்சைட்டுக்கு வெளியே முகாமிட்டால் அபராதம். நியூசிலாந்தில் 2011-ல் ஒரு சட்டம் வந்து, 2023-ல் அது இறுகியது. பொது இடங்களில் இலவசமாகத் தங்கப் பெரும்பாலும் நிலையாகப் பொருத்திய கழிவறையோடு சான்றிதழ் பெற்ற வண்டி தேவை. மலிவான சிறிய வேனை எடுத்துவிட்டு இதைப் பிறகு படிப்பவர்கள் நிறைய. ஜெர்மனியில், தடை இல்லாத இடத்தில், ஓட்டும் களைப்பு தீர ஓர் இரவு தூங்கிக்கொள்ளலாம். ஆனால் நாற்காலியை வெளியே போட்டு, வெய்யில் மறைப்பை விரித்தால் அது முகாம் ஆகிவிடும்.

இதைக் கேட்டுப் பயந்து எல்லா இரவுக்கும் முன்பதிவு செய்வது எதிர்த் தவறு. மழை பெய்தால் நகர்ந்துவிடலாம் என்பதற்குத்தானே இந்த வண்டி? முதல் இரண்டு இரவு, கடைசி இரவு, சனி ஞாயிறு, ஐரோப்பாவின் ஆகஸ்ட் மாதம், அமெரிக்காவின் பெரிய தேசியப் பூங்காக்கள்: இவற்றுக்கு மட்டும் முன்பதிவு செய்யுங்கள். மற்ற நாட்களுக்கு பிரான்சில் எயர், ஜெர்மனியில் ஷ்டெல்பிளாட்ஸ், இத்தாலியில் சோஸ்தா என்று மோட்டார்ஹோமுக்கென்றே இருக்கும் எளிய நிறுத்தங்கள் போதும். நெடுஞ்சாலை ஓய்விடங்களில் இரவு தூங்காதீர்கள், திருட்டுக்குப் பேர்போனவை.

ஷெங்கன் விசா, அதாவது தங்களுக்குள் எல்லைச் சோதனையை நீக்கிய ஐரோப்பிய நாடுகளுக்கான பொது விசா, வேண்டியவர்களுக்கு இந்தச் சுதந்திரம் கொஞ்சம் சுருங்கும். அதிக நாள் தங்கும் நாட்டின் தூதரகத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும், தங்குமிடச் சான்றும் கேட்பார்கள். எந்த 180 நாளிலும் 90 நாள்தான் தங்கலாம். குரோஷியாவில் இருக்கும் நாட்கள் கணக்கில் வராது என்று பழைய பயணக் குறிப்புகள் சொல்லும். 2023 ஜனவரியிலிருந்து வரும். எந்தெந்த நாட்டுக்கு வண்டியைக் கொண்டுபோகலாம் என்று வாடகை நிறுவனத்திடமும் கேளுங்கள்.

கெட்டிலும் கேஸும் கழிவறையும்

கேம்ப்சைட்டில் மின்சாரம் உண்டு என்றால் வீட்டு மின்சாரம் போல என்று நினைக்கக் கூடாது. பிரான்சிலும் இத்தாலியிலும் பல இடங்களில் 6 ஆம்பியர்தான் தருவார்கள். 230 வோல்ட்டில் அது 1,380 வாட். 2,000 வாட் கெட்டிலைப் போட்டதுமே ஃபியூஸ் விழும். அடுப்பில் வைத்துக் கொதிக்கவிடுங்கள். குளிர்காலமாக இருந்தால் சிலிண்டரில் புரோப்பேன் இருக்கிறதா என்று பாருங்கள். பியூட்டேன் பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டியே ஆவியாக மறுத்துவிடும், புரோப்பேன் மைனஸ் 42 வரை தாங்கும். சிலிண்டர் வாய் நாட்டுக்கு நாடு மாறும், எல்லை தாண்டி மாற்றிக்கொள்ளலாம் என்று நம்பாதீர்கள்.

கழற்றி எடுத்துக் காலி செய்யும் கேசட் கழிவறையின் தொட்டி 20 லிட்டருக்குள்தான். இரண்டு பேருக்கு இரண்டு மூன்று நாளில் நிறையும். அதற்கான இடத்தில் மட்டும் கொட்டணும், சாலையோர வடிகாலில் கொட்டக் கூடாது.

எரிபொருள் போடும்போது குழாயின் நிறத்தை நம்பாதீர்கள். ஐரோப்பாவில் பச்சை பெரும்பாலும் பெட்ரோல், அமெரிக்காவில் பச்சை பெரும்பாலும் டீசல். ஐரோப்பிய பம்புகளில் சதுரத்துக்குள் பி7 என்றிருந்தால் டீசல், வட்டத்துக்குள் இ5, இ10 என்றிருந்தால் பெட்ரோல். டீசல் மூடி, டீசல் புகையைச் சுத்தமாக்கும் திரவமான ஆட்புளூ மூடி, தண்ணீர் மூடி என்று வண்டியில் மூன்று இருக்கும். ஒன்றில் ஊற்ற வேண்டியதை இன்னொன்றில் ஊற்றினால் அன்றோடு பயணம் நின்றுவிடும்.

ஒப்பந்தத்தின் சின்ன எழுத்து

இன்சூரன்ஸ் 'முழுமையானது' என்று சொன்னாலும் கூரை, அடிப்பாகம், டயர், கண்ணாடி ஆகியவை சேர்ந்திருக்கிறதா என்று தனித்தனியாகக் கேளுங்கள். போகக் கூடாத சாலைகளின் பட்டியலையும் வாங்கிக்கொள்ளுங்கள். நியூசிலாந்தின் நைன்ட்டி மைல் கடற்கரை, குவீன்ஸ்டவுன் அருகிலுள்ள ஸ்கிப்பர்ஸ் சாலை, ஐஸ்லாந்தில் எஃப் எழுத்தில் தொடங்கும் எண்ணுள்ள மலைச் சாலைகள், கோடையில் அமெரிக்காவின் டெத் வேலி எல்லாம் இப்படிப்பட்ட பட்டியல்களில் அடிக்கடி வருபவை. டெபாசிட்டுக்கு ஓட்டுநர் பெயரிலேயே கிரெடிட் கார்டு கேட்பார்கள். வரம்பு போதுமா என்று கிளம்பும் முன் பாருங்கள்.

வண்டியைக் கையில் தரும்போது அவசரப்படுத்தினால் பணிய வேண்டாம். ஒரு மணி நேரமாவது எடுத்துக்கொண்டு, ஹீட்டர், கேஸ், பம்ப், கழிவறை எல்லாவற்றையும் அவர்கள் இயக்கிக் காட்டட்டும். நீங்கள் போனில் வீடியோ எடுங்கள். உள்ளும் புறமும், கூரை உட்பட, கீறல்களையும் பதிவு செய்யுங்கள். திருப்பித் தரும் நேரம் பல இடங்களில் காலை பத்து, பதினொன்று. ஞாயிற்றுக்கிழமை அலுவலகமே திறக்காத நிறுவனங்களும் உண்டு. கடைசி இரவை அலுவலகத்திலிருந்து அரை மணி தூரத்துக்குள் வைத்து, முந்தின மாலையே கழிவுத் தொட்டிகளைக் காலி செய்து, உள்ளே பெருக்கி வையுங்கள். காலையில் டீசல் நிரப்பியதற்கான ரசீதைத் தூக்கிப் போடாமல், டெபாசிட் பணம் திரும்பும்வரை வைத்திருங்கள்.